உப்பளத்தில் படமெடுக்கப் போகிறீர்களா?

தூத்துக்குடி உப்பளங்களுக்கு ஒன்பது வருடமாகக் கேமராவோடு போய்க்கொண்டிருக்கிறேன். நிலமும் முகமும் ஒரே இடத்தில் கிடைக்கும் இடம் அது. புதிதாக வருகிறவர்களிடம் முதலில் நிலத்தை எடுக்கச் சொல்வேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்பதை நிலம் சொல்லிவிடும். அப்புறம் முகத்துக்குப் போகலாம்.

கோடையில் காலை ஐந்தரைக்கே வரப்பில் இருங்கள். தொழிலாளர்கள் அதற்கு முன்பே இறங்கியிருப்பார்கள். ட்ரைபாட், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் எஃப் 8 அல்லது 11. அப்பெர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது, பின்னணி மங்கும். பாத்தித் தண்ணீரில் வானம் அப்படியே கிடக்கும் நேரம் அது. போலரைசர் என்ற ஃபில்டரை லென்ஸில் போட்டால் அந்தப் பிரதிபலிப்பு குறைந்துவிடும், கழற்றி வையுங்கள். அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை உப்பைப் பார்த்ததும், வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாறும். அதற்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல்தான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை 1 ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டினால்தான் உப்பு உப்பாகத் தெரியும்.

முகத்தில்தான் நான் அதிகம் தவறினேன். முதல் வருடம் எடுத்த முகங்கள் எல்லாம் இருண்டு கிடந்தன. பின்னால் பளீரென்ற உப்பு இருந்தால் மீட்டர் அதைத்தான் கணக்கில் எடுக்கும். இப்போது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தை அளக்கிறேன். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: கருத்த தோலையும் மீட்டர் சாம்பலாக்கத்தான் பார்க்கும், நிறம் வெளுத்துவிடும். அளந்த பிறகு முக்கால் ஸ்டாப் போலக் குறையுங்கள். வெயிலில் உழைக்கிறவரின் நிறத்தை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. எடிட் செய்யும்போதும் இதை நான் விடுவதில்லை.

ஆளை நிறுத்தும்போது அம்பாரத்தின் (உப்புக் குவியலின்) நிழல் பக்கம் பின்னால் வரட்டும். காலடியில் இருக்கும் உப்பே ரிஃப்ளெக்டர்: கீழிருந்து வரும் வெளிச்சத்தில் கண்ணுக்கடியில் விழும் நிழல் கரைந்துவிடும். எட்டு மணிக்கு மேல் அதே வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், எல்லோரும் புருவத்தைச் சுருக்குவார்கள். கேமராவை மூடிவிடலாம்.

கேட்காமல் எடுக்காதீர்கள். முதல் நாள் நான் வரப்பில் தயங்கி நின்றபோது, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்த ஒரு அக்கா, "தம்பி, அங்கன நிக்காதீய, வழுக்கும்" என்றார். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது. படம் எடுத்தது மூன்றாவது தடவை போனபோது. உப்பு வாரும் வாருபலகையைப் பிடித்த கை, மணிக்கட்டில் காய்ந்து வெள்ளையாகப் படிந்த உப்பு, கிட்ட இருந்த கண்ணில் ஃபோகஸ். 50 எம்எம் லென்ஸ், எஃப் 5.6.

லென்ஸை அங்கே மாற்றவே மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அக்காவுக்குக் கொடுத்தபோது, தன் முகத்தைவிடப் பின்னால் இருந்ததைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். "நாங்க வாரிப்போட்ட அம்பாரம்லா இது" என்றார். எஃப் 1.8-இல் எடுத்திருந்தால் அது வெறும் வெள்ளை மங்கலாகப் போயிருக்கும்.