பிரிட்டனில் டிரைவிங் டெஸ்ட்டுக்குக் கார் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊரில் பத்து வருடம் கார் ஓட்டியவராக இருந்தாலும் இங்கே வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இந்திய லைசென்ஸோ இலங்கை லைசென்ஸோ, பிரிட்டனில் குடியேறி 12 மாதம் வரைதான் செல்லும், அதைக் கொடுத்து இங்கத்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால் புரொவிஷனல் (கற்போர் லைசென்ஸ்) எடுத்து, தியரி பாஸாகி, பிராக்டிகல் டெஸ்ட் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். காரை மட்டும் கடைசி வாரத்தில்தான் தேட ஆரம்பிக்கிறோம். டெஸ்ட் நடத்தும் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ கார் தராது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கார் விதிப்படி இல்லையென்றால் டெஸ்ட் நடக்காது, கட்டிய 62 பவுண்டும் (மாலை நேரம், வார இறுதி என்றால் 75) போச்சு, மறுபடி தேதிக்கு அலைய வேண்டும்.

நிறைய பேருக்கு முதலில் தோன்றுவது, வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொள்ளலாமே என்பது. சாதாரண வாடகைக் கார் இதற்கு உதவாது. வாடகைக் காரில் டெஸ்ட் என்றால் பக்கத்து இருக்கையிலும் பிரேக், கிளட்ச் பெடல் இருக்கும் டூயல் கன்ட்ரோல் கார்தான் வேண்டும் என்பது விதி, அதோடு வாடகைக் கம்பெனிகள் புரொவிஷனலை நம்பிச் சாவியும் தரமாட்டார்கள்.

அடுத்தது நண்பரின் கார். "என் காரை எடுத்துக்கோ மச்சான், ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று அவர் சொல்வது பெருந்தன்மைதான், ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் அவருக்கானது, நமக்கானது இல்லை. ஒன்று அவருடைய பாலிசியில் கற்றுக்கொள்பவராக நம் பெயரைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் காருக்கு நம் பெயரில் தனியாகக் கற்போர் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும், சில நாட்களுக்கு மட்டும் எடுப்பதுபோலவும் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் டிரைவிங் டெஸ்ட்டுக்கு அது செல்லுமா என்று வாசித்தோ போன் போட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள். காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று டெஸ்ட்டுக்கு முன்னால் நாம்தான் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் நண்பர் சொன்னார் என்று பிறகு சமாளிக்க முடியாது.

இதைவிட நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பக்கத்தில் யார் உட்காருவது? பயிற்சிக்கும் சரி, டெஸ்ட் சென்டருக்கு ஓட்டிப் போகவும் சரி, கூட வருபவர் 21 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும், நீங்கள் ஓட்டும் வகைக் காருக்கான முழு லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அதுவும் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி விதியில் சொல்லியிருக்கும் நாடுகளின் லைசென்ஸாக இருக்க வேண்டும். சென்னையில் இருபது வருடம் ஓட்டிவிட்டு, போன வருடம் இங்கே பாஸான அண்ணன் இந்தக் கணக்கில் வரமாட்டார். மேனுவல் காரில் நீங்கள் பழகினால் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவரும் வரமாட்டார். மாட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட் வரை ஏறும்.

ஆட்டோமேட்டிக் என்றதும் இன்னொன்று. மேனுவல் கார் கிடைக்கவில்லையே என்று ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் ஓட்ட மட்டும்தான் லைசென்ஸ் வரும். வீட்டில் நிற்பது மேனுவல் கார் என்றால் இது என்ன லாபம்?

சரி, கார் கிடைத்துவிட்டது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். முன்னும் பின்னும் எல் போர்டு (பின்னால் உள்ளதைத்தான் பலர் மறக்கிறார்கள்), எக்ஸாமினர் பின்னால் பார்க்க உள்ளே கூடுதலாக ஒரு கண்ணாடி, அவருக்கு ஒழுங்கான சீட் பெல்ட்டும் தலைசாய்ப்பும். பஞ்சராகி அந்த ஒல்லியான ஸ்பேர் சக்கரத்தைப் போட்டிருந்தால் டெஸ்ட் கிடையாது. டாஷ்போர்டில் ஏர்பேக் மாதிரி எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் கிடையாது, "அது ரெண்டு வருஷமா அப்படித்தான் எரியுது" என்ற விளக்கம் அங்கே எடுபடாது. சாலை வரி கட்டியிருக்கிறதா, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார் என்றால் எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனைச் சான்று) இருக்கிறதா என்று நம்பர் பிளேட்டை வைத்து அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்த்துவிடலாம். பழைய சிட்ரோயன் சி1, பீஜோ 107, டொயோட்டா அய்கோ மாதிரிச் சில கார்களைப் பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்திருந்தது. அப்படிப்பட்ட கார் என்றால் சரிசெய்ததற்கான சான்றும் கையில் வேண்டும். டேஷ்கேம் (காரில் பொருத்தும் கேமரா) இருந்தால் அது வெளியேதான் பார்க்க வேண்டும், உள்ளே பேசுவதைப் பதிவு செய்யக்கூடாது. டெஸ்ட்டுக்கு முன் காருக்குள் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கவும் கூடாது, பதற்றத்தில் மறந்துவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் இன்ஸ்ட்ரக்டர் கார்தான் வழி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு டெஸ்ட்டுக்கு மட்டும் காரைத் தர அவர்கள் யோசிப்பார்கள், ஒன்றிரண்டு வகுப்பு ஓட்டவைத்துப் பார்த்த பிறகே ஒத்துக்கொள்வார்கள். அதில் நமக்கும் நன்மை உண்டு. புதுக் காரின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று டெஸ்ட் அன்று கண்டுபிடிக்க முடியாது, பின்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் பட்டன் எது என்று ஓட்டும்போதே எக்ஸாமினர் கேட்கவும் செய்வார். காசு கொடுக்கும் முன் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இன்ஸ்ட்ரக்டர் பேட்ஜைப் பாருங்கள், பச்சை என்றால் முழுத் தகுதி பெற்றவர், பிங்க் என்றால் அவரே பயிற்சியில் இருப்பவர், எதுவுமே இல்லாமல் காசு வாங்கிச் சொல்லிக்கொடுப்பது சட்டவிரோதம்.

இன்ஸ்ட்ரக்டரும் கிடைக்கவில்லை, நண்பர் காரும் சரிவரவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அதற்கும் 10 முழு வேலைநாள் முன்னதாகவே சொல்ல வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்பாது.

நண்பரின் காரில் போய்ப் பாஸாகிவிட்டால் சந்தோஷத்தில் நீங்களே வீட்டுக்கு ஓட்டிவராதீர்கள். கற்போர் இன்ஷூரன்ஸ் பொதுவாக நீங்கள் பாஸான அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும், திரும்பி வரும்போது ஸ்டியரிங் நண்பரிடம் இருக்கட்டும்.