அறுவடை வண்டியில் எச்.எஸ்.டி. ஆயில் ஒழுகினால்

பிசான அறுவடை மும்முரமாக நடக்கும் மாசி, பங்குனியில் அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் செயின் வண்டிக்கு, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் நெல் அறுவடை வண்டிக்கு, ஓய்வே கிடையாது. அந்த நேரத்தில்தான் அடியில் ஆயில் சொட்டும். உடனே பேரிங் கடைக்கு ஓடி ஒரு ஆயில் சீல் (ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரமே அதே இடம் மறுபடி நனைகிறது. சீல் சும்மா போவதில்லை. அது போனதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைப் பிடிக்காமல் சீலை மட்டும் மாற்றினால் காசும் நாளும் வீண்.

எச்.எஸ்.டி. என்பது ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷன், எஞ்சின் விசையை ஆயில் அழுத்தத்தால் கடத்தி வண்டியை ஓட்டும் அமைப்பு. அதில் ஒரு பிஸ்டன் பம்பும் ஒரு மோட்டாரும் இருக்கின்றன. எஞ்சின் பெல்ட் பம்பைச் சுற்ற, பம்ப் ஆயிலை மோட்டாருக்குத் தள்ளுகிறது. பாரம் ஏறும்போது இந்தப் பாதையில் அழுத்தம் 200 பாரைத் தாண்டும். ஆனால் சீல்கள் இருக்கும் வெளிக்கூட்டுக்குள் அழுத்தம் மிகக் குறைவு, சாதாரண ஆயில் சீலும் அந்த அளவைத்தான் தாங்கும். கூட்டுக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது.

முதலில் ஒழுகுவது எந்த ஆயில் என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் அநேகமாக எஞ்சின் ஆயில். மணத்திலேயே டீசல் தெரிந்துவிடும். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அப்போது சீலோடு ஆயிலையும் முழுதாக மாற்ற வேண்டும்.

அடுத்து இடத்தைக் கண்டுபிடிப்பது. சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஆயில் கூட்டின்மேல் வழிந்து, கூளத்தில் ஊறி, ஏதோ ஒரு போல்ட் முனையில் வந்து சொட்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கட்டரை இறக்கி, எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சூடு ஆறியதும் கூளத்தை எடுத்துவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிரஷர் வாட்டரை சீல் மேலும், கூட்டுக்குள் உள்ள காற்று வெளியேறும் பிரீதர் மேலும் நேராக அடிக்கக் கூடாது. காய்ந்த பிறகு முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, 10 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடரில் எது மிக உயரத்தில் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று.

எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது ஆபத்து. ஊசித் துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் அறுவைசிகிச்சை தேவைப்படும் காயம் அது. பட்டுவிட்டால் தாமதிக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போய், அழுத்த ஆயில் உள்ளே ஏறியது என்று சொல்லுங்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தால் போதும்.

ஹோஸ் முனையில் கசிந்தால் இன்னும் முறுக்காதீர்கள். தட்டையாகிப்போன ஓ-ரிங்கை (இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் வளையம்) எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, இழைதான் போகும். இரண்டு ஸ்பானர் போட்டுக் கழற்றி ஓ-ரிங்கையோ வாஷரையோ மாற்றுங்கள். ஃபில்டர் அடியில் ஒழுகினால் பழைய கேஸ்கெட் அங்கேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கெட் நிற்பது அடிக்கடி நடக்கும் சங்கதி.

பம்ப் புல்லிக்குப் பின்னால் ஈரம் என்றால் இன்புட் ஷாஃப்ட் (புல்லி பம்பைச் சுற்றும் தண்டு) சீல். இங்கே காரணங்கள் பல. ஷாஃப்டைச் சுற்றி வைக்கோல் இறுகி சீலின் உதட்டை (ஷாஃப்டைத் தொடும் ரப்பர் விளிம்பு) அரித்திருக்கலாம். பெல்ட்டை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியதால் பேரிங் தேய்ந்திருக்கலாம். புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்கை மாற்றாமல் சீலைத் தொடாதீர்கள். பிறகு பிரீதரைக் கழற்றி ஊதுங்கள். அறுவடைத் தூசி அதை அடைத்துவிட்டால் சூடாகும் காற்றுக்கு வெளியே வழியில்லை, அது ஆயிலை சீல் வழியே தள்ளும். கூட்டிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டிரெய்ன் ஹோஸ் மடிந்திருக்கிறதா என்பதையும், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சீலை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஷாஃப்டில் கீறல் விழும். சீலின் தகட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஏற்றி, அதைப் பிடித்து இழுங்கள். சீலின்மேலே 25-42-8 என்பது போல எண் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டர். எண் ஒத்தால் மட்டும் போதாது, பழையதன் வகையும் ஒத்திருக்க வேண்டும். ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் நகம் மாட்டினால், இடம் இருக்கும் பட்சத்தில் புது சீலை 1 அல்லது 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம், இல்லாவிட்டால் ஷாஃப்டின் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோகக் குழல்) போட வேண்டும். ஷாஃப்டில் புல்லியின் சாவி உட்காரும் பள்ளத்தின் மேல் டேப் சுற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்க்கும்படி வைத்து, சீலின் அளவுக்கு ஏற்ற குழாயால் நேராகத் தட்டி இறக்குங்கள்.

லிவர் கம்பி பிடிக்கும் ஷாஃப்டில் கசிந்தாலும் இதே வேலைதான். ஆனால் கழற்றுமுன் கம்பியின் நியூட்ரல் இடத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மறந்தால் நியூட்ரலிலும் வண்டி மெல்ல நகரும்.

பம்ப் கூடு சேரும் இணைப்பில் ஒழுகினால் சிலிகான் பூசிச் சமாளிக்கும் பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பிதுங்கி உடையும் துண்டு உள்ளே போய் வால்வில் சிக்கினால் பம்பே போய்விடும். பம்பைக் கழற்றத் தூசியில்லாத பட்டறை வேண்டும்.

இன்னொரு குழப்பம் உண்டு. வெளியே ஒரு சொட்டும் இல்லை, காலையில் நன்றாக ஓடுகிறது, வெயிலேறிச் சூடானதும் தொளிச் சேற்றில் இழுக்கவில்லை, வரப்பு ஏறவில்லை என்றால் அது உள்கசிவு. பிஸ்டன்களும் தட்டும் தேய்ந்திருக்கும், சீல் மாற்றிப் பயனில்லை. அதற்குமுன் பெல்ட்டைப் பாருங்கள், ஆயிலில் நனைந்து வழுக்கும் பெல்ட்டும் இதே குறியைத்தான் காட்டும். எச்.எஸ்.டி. ஆயில் குறைந்து கியர்பாக்ஸ் ஆயில் ஏறினால், இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆயில் என்று அமைந்த வண்டிகளில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அறுவடை நடுவில் ஒழுகினால் ஓட்டலாமா? ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி. 10 நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் 10 மணி நேரத்தில் சுமார் 180 மில்லி போகும். அளவு பார்த்து ஊற்றி அந்த வயலை முடித்துவிடலாம். நூலாக ஓடினாலோ பம்ப் ஊளையிட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

ஊற்றும் ஆயில் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் வகையாகவே இருக்கட்டும், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். நிரப்பிய பின் நியூட்ரலில் 5 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு லிவரைச் சிறிது முன்னும் பின்னுமாகச் சிலமுறை நகர்த்திக் காற்றை வெளியேற்றி, அளவை மறுபடி பாருங்கள். அப்போதும் நுரை அடங்கவில்லை என்றால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளிப்பைச் சோதியுங்கள். அங்கே ஓட்டத்தில் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்திய பிறகே சொட்டும்.