எக்ஸ் குரோமோசோமில் மூளையில் இயங்கும் மரபணுக்களைக் கண்டறிவது எப்படி

மனித எக்ஸ் குரோமோசோமில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 800 உள்ளன. அவற்றில் 100-க்கும் மேற்பட்டவை பழுதானால் அறிவுத்திறன் குறைபாடு வருகிறது. ஆணுக்கு மாற்றுப் பிரதி கிடையாது என்பதால் பாதிப்பு நேராகவே வெளிப்படும். நோய்க்காரணம் தேடுவோருக்கு மூளையில் இயங்கும் எக்ஸ் மரபணுக்களின் பட்டியல் அத்தனை முக்கியம்.

திசுவிலுள்ள ஆர்என்ஏவின் வரிசைகளைப் படித்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று எண்ணுவதே இங்கே வழி. தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்களுக்கு வேண்டியது மூளையில் இயங்கும் மரபணுக்களா, மூளையில் மட்டுமே இயங்குபவையா? இரண்டும் வேறு பட்டியல்கள். ரெட் நோய் எனும் மூளை வளர்ச்சிக் கோளாறுக்குக் காரணமான எம்இசிபி2 மரபணு உடலெங்கும் இயங்குகிறது. பாதிப்போ பெரிதும் மூளையில்தான். உங்கள் வடிகட்டி எம்இசிபி2-ஐ முதல் பட்டியலிலிருந்தே தள்ளிவிட்டால் வடிகட்டியில்தான் கோளாறு.

மரபணு விவரக் கோப்பை என்செம்பிள் எனும் மரபணுத் தரவுத்தளத்தின் ஒரே பதிப்பிலிருந்து எடுத்து, கடைசிவரை மாற்றாதீர்கள். ஒரு கோப்பில் குரோமோசோமின் பெயர் வெறும் ‘எக்ஸ்’ என்றும் மற்றொன்றில் ‘chr’ என்ற முன்னொட்டோடும் இருந்தால், பிழைச்செய்தி இல்லாமலே எண்ணிக்கை எல்லாம் பூஜ்யமாக வரக்கூடும். சுண்டெலியோடு ஒப்பிடும்போது இணை மரபணு எங்கே இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்: சிஎல்சிஎன்4 மனிதரில் எக்ஸில், ஆய்வகச் சுண்டெலியிலோ 7-ஆம் குரோமோசோமில்.

திசுவை மூளைப் பகுதிவாரியாக எடுங்கள். ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று 1 முதல் 10 வரை காட்டும் தர எண் 7-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. சிதைந்த ஆர்என்ஏவில், பாலி-ஏ வாலைப் பிடித்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டால் மரபணுவின் வால்பகுதி மட்டுமே பதிவாகும். டிடிஆர் மரபணு எகிறினால், மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹீமோகுளோபின் மரபணுவான எச்பிபி எகிறினால் இரத்தம்.

மாதிரியின் பாலினத்தைச் சீட்டை நம்பிக் குறிக்காமல் தரவிலேயே சரிபாருங்கள். பெண்ணில் ஒரு எக்ஸை அடக்கும் எக்ஸிஸ்ட் ஆர்என்ஏ மிகுந்தால் பெண், ஒய்யிலுள்ள ஆர்பிஎஸ்4ஒய்1 தெரிந்தால் ஆண். இரண்டும் சேர்ந்து வந்தால் மாதிரிகள் கலந்துவிட்டன என்றே முதலில் சந்தேகியுங்கள்.

அடுத்தது ரீடுகளை, அதாவது கருவி படித்த வரிசைத் துண்டுகளை, ஒப்பீட்டு மரபணுத்தொகுதியில் பொருத்துவது. எக்ஸ் ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. எக்ஸும் ஒய்யும் இரு முனைகளிலும் ஒரே வரிசையைப் பகிர்கின்றன. குட்டைக் கரத்தின் முனையில் மட்டும் அது சுமார் 27 லட்சம் எழுத்துகள். அந்தத் தொகுதியில் ஒய் பக்கத்து நகலை மறைக்காவிட்டால் அங்குள்ள ரீடுகள் இரண்டு இடங்களிலும் பொருந்தும். பல எண்ணும் மென்பொருள்கள் அவற்றைக் கைவிட்டுவிடும். எஸ்எல்சி25ஏ6 போல எங்கும் இயங்கும் மரபணுகூட ஊமையாகத் தெரியும். ஆண் மாதிரிக்கு அந்தப் பகுதியை மட்டும் ஒய்யில் மறையுங்கள். பெண் மாதிரிக்கு ஒய் முழுவதையும் மறையுங்கள். இல்லையேல் டிடிஎக்ஸ்3எக்ஸின் ரீடுகள் சில ஒய்யிலுள்ள அதன் இணைக்குப் போய்விடும்.

மரபணு இயங்குகிறது என்று கொள்ளும் வரம்பாக 1 டிபிஎம் (பத்து லட்சம் ஆர்என்ஏ பிரதிகளில் ஒன்று) என்று பலரும் வைக்கிறார்கள். தொடங்க அது போதும். ஆனால் 100 செல்களில் ஒன்றில் மட்டும் 50 டிபிஎம் அளவில் இயங்கும் மரபணு, மொத்தத் திசுவில் 0.5 ஆகக் கரைந்து வரம்புக்குக் கீழே விழுந்துவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் தனித்தனியே படித்த ஒற்றை உட்கருத் தரவைப் பாருங்கள். அதில் இன்ட்ரான் (பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) ரீடுகளையும் எண்ண வேண்டும், ஏனென்றால் உட்கருவில் வெட்டி ஒட்டப்படாத ஆர்என்ஏ நிறைய இருக்கும். வளரும் மூளையைத் தனியாகச் சேருங்கள்: டிசிஎக்ஸ் இடம்பெயரும் இளம் நியூரான்களில் ஓங்கி, வளர்ந்த மூளைப் புறணியில் அடங்கிவிடுகிறது.

மூளைக்கே உரியவற்றைப் பிரிக்க டௌ குறியீடு உதவும்: 0 என்றால் எல்லாத் திசுக்களிலும் சமம், 1 என்றால் ஒரே திசுவில் மட்டும். ஒவ்வொரு திசுவின் மடக்கை மதிப்பையும் உச்ச மதிப்பால் வகுத்து, 1-இலிருந்து கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, திசு எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். மூளையில் 6, மற்ற 9 திசுக்களில் 1 என்றால் டௌ 0.83. அதே மூளையை 5 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 6 என்று இட்டால் 0.58-க்குச் சரிந்துவிடும். மரபணு மாறவில்லை, கணக்குதான் மாறியது. ஆகவே மூளைப் பகுதிகளை முதலில் ஒன்றாகச் சுருக்குங்கள். விரையையும் திசுப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். எக்ஸில் விரைக்கான மரபணுக் குடும்பங்கள் ஏராளம்.

டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான டிஎம்டி போன்றவற்றுக்கு மரபணு அளவில் எண்ணினால் போதாது. 22 லட்சம் எழுத்து நீளமுள்ள அந்த மரபணு தசைக்குப் பேர்போனது. மூளையில் வேறு ஊக்கிகளிலிருந்து (மரபணுவைப் படிக்கத் தொடங்க வைக்கும் பகுதிகள்) வேறு ஆர்என்ஏ வடிவங்கள் பிறக்கின்றன. வடிவம் வடிவமாக எண்ணினால்தான் அவை கண்ணில் படும்.

தேறியவற்றைக் கியூபிசிஆரில் (ஒரு வரிசையைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் முறை) உறுதிசெய்யும்போது, இன்ட்ரான் நீங்கியபின் ஒட்டும் எக்ஸான்களின் சந்திப்பில் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அமைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிஜிகே1-க்கு இன்ட்ரான் இல்லாத நகல் வேறு குரோமோசோமில் உண்டு. இத்தகைய மரபணுக்களில் மிச்சமிருக்கும் டிஎன்ஏவே பொய்யான சமிக்ஞை தரும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் இடுங்கள், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் வளைகோடு ஏறக்குறைய அதே சுழற்சியில் எழுந்தால் அந்த முடிவை ஏற்காதீர்கள்.