பிடித்த கேபர்னே தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபர்னே சோவின்யோன் என்ற கருந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினில் உங்களுக்குப் பிடித்த தயாரிப்பாளர் யார் என்று கேட்டால், பலரும் ஒரு பெரிய பெயரைச் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அந்த பாட்டிலில் இருப்பது யாருடைய தோட்டத்துத் திராட்சை, அதை ஒயினாக்கியவர் யார் என்று அடுத்துக் கேட்டால் பதில் வருவதில்லை. தேர்வில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கை வைத்தே சொல்கிறேன். பெயர்க் குழப்பம் அங்கே அதிகம்.

லேபிளின் முன்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். நாபாவில் 'ஸ்டாக்ஸ் லீப்' என்ற பெயரில் இரண்டு நிறுவனங்கள் உண்டு. வாரன் வினியார்ஸ்கி 1970இல் தொடங்கியது ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ். மற்றது ஸ்டாக்ஸ் லீப் வைனரி. ஆங்கிலத்தில் எழுதும்போது, 'ஸ்டாக்ஸ்' என்பதன் கடைசி 'எஸ்' எழுத்துக்கு முன்னால் மேற்குறி இருந்தால் முதல் நிறுவனம், பின்னால் இருந்தால் இரண்டாவது. அவை அமைந்திருக்கும் வட்டாரத்தின் பெயரிலோ அந்தக் குறியே கிடையாது. இந்தப் பெயருக்காக இரு நிறுவனங்களும் நீதிமன்றம் வரை போயின. ஒன்றைக் குடித்துவிட்டு மற்றொன்றைப் பாராட்டுவது இங்கே வெகு எளிது.

அதைவிட முக்கியம், சிறிய எழுத்தில் அச்சாகும் வரி. அமெரிக்க லேபிளில் 'எஸ்டேட் பாட்டில்ட்' என்று இருந்தால், திராட்சை முழுவதும் அந்த நிறுவனத்தின் சொந்த நிலத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்திலோ விளைந்தது. நொதிக்கவைத்ததும் பாட்டிலில் அடைத்ததும் அவர்களே. 'புரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பை' என்றால் குறைந்தது 75 சதவீதத்தையாவது அவர்கள் நொதிக்கவைத்திருக்க வேண்டும். 'செல்லர்ட் அண்ட் பாட்டில்ட் பை' என்று இருந்தால் அந்தக் கட்டாயமும் இல்லை; வேறொருவர் செய்த ஒயினை வாங்கி அடைத்ததாகவும் இருக்கலாம். அப்படி வரும் ஒயின் நன்றாக இருக்கக்கூடாது என்பதில்லை. ஆனால் அதை வைத்து ஒரு தயாரிப்பாளரின் திறமையை எடைபோட முடியாது. 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்ட வரையறையே கிடையாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் யோசியுங்கள்.

மற்ற திராட்சை கலந்தால் ஒயின் தரம் தாழ்ந்தது என்ற எண்ணமும் தவறு. லேபிளில் கேபர்னே என்று போட அமெரிக்கச் சட்டப்படி 75 சதவீதம் இருந்தால் போதும். பிரான்சின் போர்தோவில் மெர்லோ, கேபர்னே ஃப்ரான் ஆகியவற்றைச் சேர்ப்பதுதான் மரபு. போர்தோவின் போயாக் ஊரைச் சேர்ந்த புகழ்பெற்ற லத்தூர் ஒயினில் பெரும்பகுதி கேபர்னேதான். ஆனால் திராட்சையின் பெயரை அதன் லேபிளில் தேடினால் கிடைக்காது.

அடுத்தது போட்டி முடிவுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. 1976 மே 24 அன்று பாரீசில் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைச்சோதனையில், லேபிளை மறைத்து வைத்துப் பிரெஞ்சு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973ஆம் ஆண்டு கேபர்னே, போர்தோவின் பெரும்பெயர்களான மூத்தோன் ரோத்ஷீல்டையும் ஓ-பிரியோனையும் முந்தியது. அதே போட்டியில் கலிபோர்னியாவின் மற்றொரு நிறுவனமான ரிட்ஜின் மோன்டே பெல்லோ 1971 ஐந்தாம் இடத்தில் இருந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2006இல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சுவைத்தபோது ரிட்ஜ்தான் முதலிடம். ஸ்டாக்ஸ் லீப்பும் சோடைபோகவில்லை, இரண்டாம் இடம் பிடித்தது. ஆக, ஒரு மதிப்பெண் என்பது அந்த ஒயின் அந்த வயதில் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். இளம் கேபர்னேயின் துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்பதற்காக அதைச் செய்தவரை ஒதுக்கிவிடாதீர்கள். சில ஆண்டுகள் போனால் அதே துவர்ப்பு பட்டாக இளகும்.

பழைய புகழை இன்றைய பாட்டிலோடு முடிச்சுப்போடுவது இன்னொரு தவறு. ராபர்ட் மொண்டாவி 1966இல் தொடங்கிய நிறுவனம் 2004இல் கான்ஸ்டெலேஷன் என்ற பெரிய மதுபான நிறுவனத்தின் வசம் போனது. வினியார்ஸ்கியும் 2007இல் தன் நிறுவனத்தை விற்றுவிட்டார். கைமாறினால் தரம் குறையும் என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் பிடித்த பெயரை இன்று மறுபடி சுவைத்துப் பார்த்துத்தான் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாக: 16 முதல் 18 டிகிரியில் குடியுங்கள். நம் ஊர்க் கோடையில் மேசைமேல் கிடந்த பாட்டிலில் சாராய நெடிதான் முன்னால் நிற்கும். அதை வைத்து யாரையும் நிராகரிப்பது அநியாயம்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நல்ல ஆண்டில் நல்ல ஒயின் செய்யப் பலரால் முடியும். செய்பவரின் திறமை தெரிவது சோதனையான ஆண்டில். நாபாவில் 2011 குளிரும் மழையுமாகக் கழிந்தது. அந்த ஆண்டின் பாட்டில் கிடைத்தால், அதே தயாரிப்பாளரின் வெயில் நிறைந்த ஆண்டு ஒன்றோடு பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். திராட்சை சரியாகப் பழுக்காதபோது வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனை எவ்வளவு தலைதூக்குகிறது, அதையும் மீறிப் பழச்சுவை நிற்கிறதா என்று பாருங்கள். 2020இல் காட்டுத்தீயின் புகை திராட்சையில் ஏறியதால், அந்த ஆண்டின் கேபர்னேயை வெளியிடாமலே விட்டவர்கள் நாபாவில் பலர். ஒரு தயாரிப்பாளரின் வரிசையில் 2020 மட்டும் இல்லை என்றால், அதை அவருடைய குறையாக எண்ணாமல் உங்கள் பட்டியலில் அவரை ஓரிடம் மேலே ஏற்றுங்கள்.