வீட்டுக் கணினிக்கு விபிஎன் வாங்கும் முன்
மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வீட்டில் இருந்தபடி, சொந்த ரவுட்டரில், வங்கிக் கணக்கு, யூடியூப், பிள்ளைகளின் சூம் வகுப்பு என்று மட்டும் பாவிக்கிறீர்கள் என்றால் விபிஎன்னுக்கு மாதாமாதம் டொலரில் காசு கட்டத் தேவையில்லை. விபிஎன் என்பது நீங்கள் இணையத்தில் அனுப்புவதையும் பெறுவதையும் இடையில் யாரும் வாசிக்க முடியாதபடி மாற்றி (இதுதான் குறியாக்கம்), வேறொரு நிறுவனத்தின் சேர்வர் வழியாக அனுப்புகிற சேவை.

முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்குகிற தளத்தில் நீங்கள் அடிக்கிற கடவுச்சொல், அட்டை இலக்கம் எல்லாம் ஏற்கெனவே குறியாக்கம் ஆகித்தான் போகின்றன. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியும், அங்கே என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் அந்த நோட்டம் இணைய நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இலவச விபிஎன் என்றால் இன்னும் யோசியுங்கள், சேர்வர் செலவை அவர்கள் எங்கிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும். வைரஸையும் போலி லிங்க்கையும் விபிஎன் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

சரி, எப்போது தேவை? பாசிக்குடா, அறுகம்பே பக்கம் ஹோட்டல் வைஃபையில் மடிக்கணினியைத் திறந்தால் போட்டுக்கொள்வது நல்லது. அலுவலக சேர்வருக்குள் வீட்டிலிருந்து நுழைய வேண்டுமென்றால் அலுவலகம் தருவதைத்தான் பாவிக்க வேண்டும். அப்புறம், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டது ஞாபகம் இருக்கும், அப்படியான நாளில் தடையைத் தாண்டிப் போக நம்பகமான விபிஎன் ஒன்றை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம், அவசரத்தில் தேடினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் குப்பைதான். வங்கித் தளத்துக்குப் போகும்போது மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைவது போலத் தெரிந்து கணக்கு பூட்டுப்படலாம்.