அம்மாவை விமானத்தில் காது வலிக்காமல் கூட்டிப்போக

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அம்மாவை முதல்முறை கூட்டிப்போனபோது, விமானம் இறங்கும் நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அவருக்குச் சளி பிடித்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. கிட்டத்தட்ட ஊட்டி மாதிரி. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு லேசான அசதி, அவ்வளவுதான். இதய நோய், நுரையீரல் நோய், கடும் ரத்தசோகை இருந்தால் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள்; சிலருக்கு ஆக்சிஜன் ஏற்பாடு தேவைப்படும்.

சரி, காதுக்கு வருவோம். ஏறும்போது நடுக்காதிலிருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது அது உள்ளே திரும்ப வேண்டும். ஆனால் மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குறுகலான குழாய், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் பெரும்பாலும் திறக்கிறது. தூங்குபவர் அதிகம் விழுங்கமாட்டார். அதனால் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே எழுப்பிவிடுங்கள். அம்மாவுக்கு இப்போது புளிப்பு மிட்டாய் கொடுக்கிறேன். அப்படியும் அடைத்தால், மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதச் சொல்லுங்கள். பலமாக ஊதினால் காதுக்கு ஆபத்து. கைக்குழந்தைக்குப் பால் புகட்டினால் போதும்.

வயிற்றிலுள்ள வாயுவும் மேலே போகப் போக விரியும்; சோடா வேண்டாம். காற்று மிகவும் வறண்டிருக்கும், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

சளி பிடித்தால் காதுக்குப் போகும் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும்; கடும் சளி என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அம்மாவின் அடுத்த பயணத்தை நான் ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.