அலையாத்தி நடப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் அலையாத்தி, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்களை நடுவது பெரிய இயக்கமாகவே வளர்ந்துவிட்டது. மாணவர்கள் வருகிறார்கள், தொண்டு நிறுவனங்கள் வருகின்றன, கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன. ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நட்டது பிழைத்ததா என்று பார்த்தால் மனசு கஷ்டப்படும். இலங்கையில் சுனாமிக்குப் பின் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இடத்தேர்வு தவறு, பராமரிப்பு இல்லை, மாடு மேய்ந்துவிட்டது என்று அவர்கள் கண்ட காரணங்கள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பழைய காடு ஏன் அழிந்தது என்று கேட்காமல் புதுக் கன்றைக் கொண்டுபோய் ஊன்றுவது. இதற்குக் கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைவிட நல்ல பாடம் கிடையாது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காட்டில் பெரிய பெரிய திட்டுகள் மொட்டையாகிக் கிடந்தன. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு போனது என்று வெகுகாலம் அவர்கள் மேல் பழி இருந்தது. சென்னையில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து முழுசாக வெட்டியிருக்கிறார்கள். மரநிழல் போனதும் சேற்று மண் வெயிலில் காய்ந்து உள்வாங்கியது. திட்டின் நடுப்பகுதி பள்ளமானது. ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், வற்றும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் உமரி என்ற சிறு செடி வளரும், அலையாத்தி வளராது. அங்கே எத்தனை முறை கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும்.

அதனால் அந்த நிறுவனத்தார் முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபக்கமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதநீர் உள்ளே போய்த் திரும்பி வர ஆரம்பித்தது, உப்பு குறைந்தது. பிறகுதான் நாற்று வைத்தார்கள், அதுவும் வாய்க்காலின் சரிவில். மேட்டில் வைத்தால் தண்ணீர் எட்டாது, அடியில் வைத்தால் மூழ்கிவிடும். வனத்துறையும், பழி சுமந்த அதே ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை இது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளரும் இதையே வேறு வழியில் காட்டினார். நிலத்தின் மட்டத்தையும் நீரோட்டத்தையும் சரிசெய்ததோடு விட்டுவிட்டார். விதைகள் தண்ணீரில் மிதந்து வந்து தாமாகவே முளைத்தன. பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தால் நட வேண்டிய அவசியமே பல இடங்களில் இருக்காது என்பது இங்கே பலருக்குத் தெரியவில்லை.

சரி, நட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மட்டம் பார்க்காமல் நடாதீர்கள். அலையாத்தி எந்நேரமும் தண்ணீரில் நிற்கும் மரம் என்று நினைத்து, கடல் பக்கமாக இறங்கி வெறும் சேற்றுவெளியில் நட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதன் வேர்ப்பகுதி பெரும்பாலான நேரம் காற்றுப்பட வெளியே இருக்க வேண்டும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. ஒரு சாண் தாழ்ந்தாலே கன்று மூச்சுமுட்டிப் போகும். மட்டம் பார்க்கக் கருவிகூட வேண்டாம். ஓதம் உச்சத்தில் நிற்கும்போது பக்கத்தில் தானாக வளர்ந்த அலையாத்தியின் அடியில் ஒரு கம்பை ஊன்றித் தண்ணீரின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். அதே நேரத்தில் உங்கள் இடத்திலும் ஒருவர் அளக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அங்கே நடாதீர்கள்.

எந்த மரம் என்பதிலும் இதே அவசரம்தான். அலையாத்தியில் பல வகை உண்டு, ஆனால் எல்லோரும் சுரபுன்னை என்ற வகையையே நடுகிறார்கள். காரணம் எளிது: அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் போதும், நர்சரி வேண்டாம். ஆனால் உப்பு அதிகமான, கரைப்பக்க மண்ணுக்கு வெண்கண்டல் என்ற வகைதான் தாங்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டலே நிற்பது சும்மா இல்லை. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெரும் பணம் செலவழித்து, வெண்கண்டல் இனங்கள் நிற்க வேண்டிய கடல்முகப்பில் சுரபுன்னை இனங்களை நட்டு ஏராளமாக இழந்தார்கள். சுரபுன்னை பொருந்தும் இடமென்றாலும் பழுக்காத காயைப் பிடுங்காதீர்கள். காம்புப் பக்கத்தில், பழத்துக்கும் முளைக்கும் நடுவே மஞ்சளாக ஒரு வளையம் வெளியே தெரிந்தால்தான் அது முதிர்ந்தது. ஊன்றும்போது கூர்நுனி கீழே. தலைகீழாக நடுபவர்களும் உண்டு.

அப்புறம், நடவே கூடாத இடங்கள். பாக் விரிகுடாவில் 2022-ல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. அந்தப் புல்வெளியைக் காலி இடம் என்று நினைத்து யாரும் கன்றோடு இறங்கிவிடக் கூடாது. மணற்கரையும் அப்படித்தான். சுனாமிக்குப் பின் அலைத்தடுப்பு என்று பல கடற்கரைகளில் சவுக்கு நட்டார்கள். பங்குனி ஆமை முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். மரம் இல்லாத இடமெல்லாம் அழிந்த இடம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது, அதை விட்டாக வேண்டும்.

உள்ளூர்க்காரரைக் கேட்காமல் இடம் பிடிப்பதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. பிச்சாவரம் ஓடைகளில் இருளர்கள் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். எந்த ஓடை தூர்ந்தது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அவர்களுக்கு அத்துப்படி.

நட்ட பிறகும் வேலை இருக்கிறது. வாய்க்காலில் வண்டல் சேரும், எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெண்கண்டல் இலை மாட்டுக்கு நல்ல தீனி, அதனால் வேலியோ, மேய்ப்பவர்களுடன் ஒரு ஒப்பந்தமோ வேண்டும். இளந்தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரி ஒட்டிக்கொண்டு கன்றைச் சாய்க்கும், பாசி சுற்றிக்கொள்ளும். நிதி கேட்கும்போதே குறைந்தது மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். அறிக்கையில் எத்தனை கன்று நட்டோம் என்பதோடு, மூன்றாம் ஆண்டு முடிவில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதற்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.